இதயத் தளர்ச்சி உள்ளவரை வீட்டிலிருந்தே கண்காணிக்க: தருமபுரி, கிருஷ்ணகிரிக் குடும்பங்களுக்கான சென்சார் கருவி வழிகாட்டி

எக்கோ எனப்படும் இதய ஸ்கேன் அறிக்கையில் 'பம்பிங் குறைவு' (இதயம் இரத்தத்தை இறைக்கும் திறன் குறைந்த இதயத் தளர்ச்சி) என்று எழுதப்பட்டு, மாத்திரைச் சீட்டுடன் வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. மாரடைப்புக்குப் பின் இதயத் தசை தளர்ந்தவர்கள், சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு பழுதானவர்கள், ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாத இரத்த அழுத்தத்தால் இதயம் பெருத்தவர்கள் ஆகிய மூவருக்கும் நோயின் தொடக்கம் வேறாக இருந்தாலும், அது முற்றும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். உடலில் நீர் நாள்கணக்கில் மெல்லச் சேர்ந்துவந்து, ஓர் இரவில் படுக்க முடியாத மூச்சுத் திணறலாக வெளிப்படுகிறது. அந்த இரவுக்கு முந்தைய நாள்களில் உடல் காட்டும் மாற்றங்களை எண்களாக்கித் தருவதே சென்சார் கருவிகளின் வேலை.

முதல் படி: கருவிக்கு முன் ஆளை முடிவு செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன்பே ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும். அளவு எடுத்தபின் அந்த எண்ணை யார் பார்ப்பார், பார்த்தவர் என்ன செய்வார்? இதன் முக்கியத்துவத்தை இரண்டு ஆய்வுகள் தெளிவாகக் காட்டுகின்றன. அமெரிக்காவில் 1,653 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2010இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு பிரிவினர் நாள்தோறும் தொலைபேசியில் ஒரு தானியங்கிக் குரலுக்குத் தங்கள் எடையையும் அறிகுறிகளையும் தெரிவித்துவந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, மறுபடியும் மருத்துவமனையில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையிலோ இறந்தவர்களின் எண்ணிக்கையிலோ மற்றப் பிரிவினரைவிட எந்த முன்னேற்றமும் இல்லை. ஜெர்மனியில் 1,500க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2018இல் வெளியான மற்றோர் ஆய்வில், எடை, இரத்த அழுத்தம், இசிஜி, ஆக்சிஜன் ஆகிய அளவுகள் நாள்தோறும் ஒரு மையத்துக்குச் சென்றன. அந்த மையத்தில் இரவும் பகலும் மருத்துவர்களும் செவிலியர்களும் இருந்து, எண் பிசகினால் நோயாளியை உடனே அழைத்துப் பேசி, மருந்தின் அளவை மாற்றுவதற்கு ஏற்பாடு செய்தார்கள். அங்கே மருத்துவமனையில் கழிந்த நாள்களும் குறைந்தன, இறப்பும் குறைந்தது. எண்ணுக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்ததுதான் இரண்டாவது ஆய்வின் பலம் என்று நான் கருதுகிறேன்.

அப்படியொரு மையம் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு எளிதில் எட்டக்கூடியதன்று. ஆகவே அதன் சிறு வடிவத்தை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் அளவு எடுப்பவர் ஒருவர், அதைத் தினமும் பார்ப்பவர் ஒருவர், மருந்தை மாற்றச் சொல்லும் மருத்துவர் ஒருவர் என மூன்று பேர் போதும். ஓசூரிலோ பெங்களூருவிலோ வேலை செய்யும் மகனோ மகளோ இரண்டாம் பொறுப்பை ஏற்றுக்கொள்ளலாம். கைப்பேசிக்கு அன்றாடம் வரும் மூன்று எண்களைப் பார்ப்பதற்கு நேரில் இருக்க வேண்டியதில்லை. மூன்றாமவர் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, போலுப்பள்ளியில் உள்ள கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பெங்களூரு ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையிலோ இருக்கலாம். ஆனால் பெரிய மருத்துவமனையின் நிபுணரை அடுத்த தேதி வரும்வரை அணுக முடியாது என்பதால், அவருடைய சீட்டைப் படித்துப் புரிந்துகொண்டு இடைக்காலத்தில் வழிநடத்தக்கூடிய உள்ளூர் மருத்துவர் ஒருவரும் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரே அதற்குப் பெரும்பாலும் போதுமானவர். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்டது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் அத்திட்டத்தின் தன்னார்வலர் உங்கள் தெருவுக்கு வரும்போது, நீங்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்பேட்டை அவரிடமும் காட்டுங்கள்.

இரண்டாம் படி: எல்லைகளை எழுதி வாங்குங்கள்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளிலோ அடுத்த பரிசோதனையின்போதோ, மருத்துவரிடம் நான்கு விவரங்களைக் கேட்டுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உடலில் மிகையான நீர் இல்லாத நிலையில் நோயாளியின் எடை எவ்வளவு? எடை எவ்வளவு கூடினால் தெரிவிக்க வேண்டும்? மேல் பிரஷரும் நாடித் துடிப்பும் எந்த எண்ணுக்குக் கீழே இறங்கினால் மாத்திரை கொடுக்கும் முன் கேட்க வேண்டும்? நீர் மாத்திரையை வீட்டிலேயே ஒரு வேளை கூட்டிக் கொடுக்க அனுமதி உண்டா, உண்டென்றால் எத்தனை நாளைக்கு?

ஐந்தாவதாக, கேட்காமலேயே நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் ஊர் எவ்வளவு தொலைவில் உள்ளது, மாலைக்குப் பின் வண்டி கிடைக்குமா என்பதைத் தெரிவியுங்கள். சித்தேரி மலையிலோ பெட்டமுகிலாளத்திலோ அஞ்செட்டிக்கு அப்பாலோ வசிப்பவர் மருத்துவமனையை அடைய ஆகும் நேரம் தருமபுரி நகரவாசிக்கு ஆகும் நேரம் அன்று. ஆகவே அவருக்கான எச்சரிக்கை எல்லையைச் சற்று முன்கூட்டியே வைக்குமாறு மருத்துவரைக் கேட்பது நியாயமானது. நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இவ்விவரம் தானாகக் கேட்கப்படுவது அரிது.

மூன்றாம் படி: எடை மிஷின்

வாங்க வேண்டிய முதல் கருவி இதுதான். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் பலர் ஸ்மார்ட் வாட்ச்சில் தொடங்குகிறார்கள். அது பிழை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இதயத் தளர்ச்சியில் அது கடைசியாக வாங்க வேண்டிய பொருள். டிஜிட்டல் எடை மிஷினின் தட்டுக்கு அடியில் உள்ள உலோகத் துண்டுகள் நம் பாரத்தால் மிக நுண்ணிய அளவில் வளைகின்றன. அந்த வளைவால் மின்தடை மாறுகிறது. அம்மாற்றமே திரையில் கிலோவாகத் தெரிகிறது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடையுள்ளது என்பதால், கால் வீங்கிக் கண்ணுக்குத் தெரியும் முன்பே உடலில் தேங்கும் நீரை இந்த எளிய கருவி காட்டிவிடும். கணுக்காலில் விரல் வைத்து அழுத்தினால் குழி விழும் நிலை வருவதற்குள் பல கிலோ நீர் சேர்ந்துவிடக்கூடும்.

காலையில் எழுந்து, கழிப்பறை சென்று வந்தபின், காபியோ கூழோ குடிப்பதற்கு முன், ஒரே மாதிரியான இலேசான உடையில், வெறுங்காலோடு ஏறி நிற்க வேண்டும். 100 கிராம் மாற்றத்தைக் காட்டும் மிஷின் போதும். செம்மண் தரையிலோ மெழுகிய தரையிலோ வைத்தால் எண் நாளுக்கு நாள் தடுமாறும். கிரானைட் வெட்டும் நம் மாவட்டத்தில் ஒரு சமமான கல் பலகைத் துண்டு கிடைப்பது கடினமன்று. அதைச் சமமாகப் பதித்து, மிஷினை எப்போதும் அதன்மேலேயே வையுங்கள். நிற்கத் தள்ளாடும் முதியவராக இருந்தால் சுவரருகே வைத்து, ஏறும்போது பிடித்துக்கொண்டு, எண் நிலைக்கும் கணத்தில் மட்டும் கையை விடச் சொல்லுங்கள்.

எடை எவ்வளவு கூடினால் ஆபத்து? மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் மருத்துவக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய இதயநோய் வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடினாலே சொல்லச் சொல்லும் மருத்துவர்களும் உண்டு. உங்கள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் உள்ள எண்ணே உங்களுக்குச் சட்டம். எடை ஏறியதும், முந்தைய இரண்டு நாள்களில் என்ன சாப்பிட்டார் என்பதையும் எழுதுங்கள். களியில் உப்பு குறைவுதான். அதற்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டுக் குழம்பிலும் ஊறுகாயிலும், கெடா வெட்டு விருந்திலும்தான் உப்பு மறைந்திருக்கிறது. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் எல்லோருக்குமே பரிந்துரைக்கும் வரம்பு. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்கப்படும் பொட்டாசியம் கலந்த உப்பை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம். இதயத் தளர்ச்சிக்குக் கொடுக்கப்படும் சில மாத்திரைகளோடு சேர்ந்தால் அது இரத்தத்தில் பொட்டாசியத்தை அபாயகரமான அளவுக்கு ஏற்றிவிடும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். உடல் கொழுப்பு, தசை அளவு ஆகியவற்றையும் காட்டும் ஸ்மார்ட் மிஷின்கள் பாதத்தின் வழியே மெல்லிய மின்சாரத்தைச் செலுத்துகின்றன. பேஸ்மேக்கரோ, ஆபத்தான துடிப்பை மின்அதிர்ச்சியால் சரிசெய்யும் ஐசிடி என்ற கருவியோ பொருத்தப்பட்டவர்கள் அவற்றில் ஏறக் கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். அவர்களுக்குச் சாதாரண மிஷினே ஏற்றது. இரண்டாவதாக, நாள்பட்ட நோயில் பசி குறைந்து சதை கரையும்போது, அதே நேரத்தில் நீர் சேர்ந்தாலும் எடை மாறாமல் நிற்கலாம். எனவே எடை ஏறவில்லை என்றாலும், இரவில் தலையணை ஒன்று கூடுதலாகத் தேவைப்படுகிறதா, வேட்டி முடிச்சு இறுகுகிறதா, செருப்பு பிடிக்கிறதா என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

நான்காம் படி: பிபி மிஷின்

மேற்கையில் பட்டை கட்டும் தானியங்கி மிஷினை வாங்குங்கள். பட்டை இறுகித் தளரும்போது இரத்தக் குழாயின் துடிப்பு அதிர்வாக வருவதை உள்ளே உள்ள அழுத்த சென்சார் பிடித்து, அதிலிருந்து இரண்டு எண்களைக் கணக்கிடுகிறது. பட்டை கட்டாமலே பிரஷர் காட்டுவதாகச் சொல்லும் கைக்கடிகாரங்களை நம்பி மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பட்டையின் அளவு மிக முக்கியம்: பருத்த கைக்குச் சிறிய பட்டை கட்டினால் எண் கூடுதலாகவும், மெலிந்த கைக்குப் பெரிய பட்டை கட்டினால் குறைவாகவும் வரும். கைச் சுற்றளவைத் தையல் டேப்பால் அளந்துகொண்டு போய், பெட்டியில் அச்சிடப்பட்டுள்ள அளவோடு ஒப்பிட்டு வாங்குங்கள்.

அளக்கும் முன் அரை மணி நேரம் காபி, டீ, பீடி, புகையிலை எதுவும் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதங்கள் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்தபின், மார்பின் மட்டத்தில் கையை ஒரு மேசைமீது வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரு முறை அளந்து எழுதவேண்டும். நாடித் துடிப்பு ஒழுங்கற்று இருப்பவர்களுக்கு, குறிப்பாக வால்வு நோயாளிகளுக்கு, ஒவ்வொரு முறையும் எண் வேறுபடும். அவர்களுக்கு மூன்று முறை அளந்து சராசரியை எழுதுவது நல்லது. புதிய மிஷினை ஒரு முறை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எடுத்துச் சென்று, அங்குள்ள கருவியோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதயத் தளர்ச்சிக்கான மருந்துகள் பலவும் பிரஷரைக் குறைப்பவை. ஆகவே மேல் எண் 100ஐ ஒட்டி இருப்பதைக் கண்டு பதறி மாத்திரையை நிறுத்துபவர்கள் பெரும் தீங்கை வரவழைக்கிறார்கள். எழுந்தால் தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா என்று பாருங்கள்; அவை இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள்; இல்லையென்றால் எழுதி வைத்துவிட்டு அன்றைய வேலையைப் பாருங்கள்.

ஐந்தாம் படி: ஆக்சிமீட்டர்

கொரோனா காலத்தில் பல வீடுகளுக்கு வந்து, இப்போது அலமாரியில் கிடக்கும் கருவி இது. ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அயோயாகி 1974இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்தி, ஆக்சிஜன் ஏறிய இரத்தம் எவ்வளவு, ஏறாதது எவ்வளவு என்று இது கணக்கிடுகிறது. ஒளியை நம்பி இயங்குவதால் விரலில் உள்ள மருதாணியும் நகப்பூச்சும் கணக்கைக் குழப்பக்கூடும். ஓசூர், தளிப் பக்கத்து மார்கழிக் காலையில் விரல் சில்லிட்டிருந்தாலும் எண் தவறும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைத்து நிற்கும்வரை பொறுத்திருந்து பாருங்கள். கருத்த தோல் உடையவர்களுக்கு இக்கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. வெயிலில் உழைத்துக் கருத்த நம் மக்களும் இதை மனத்தில் கொள்வது நல்லது. 90க்குக் கீழே போனால் தாமதிக்கக் கூடாது. ஆனால் இதயத் தளர்ச்சியில் ஆக்சிஜன் எண் கடைசியில்தான் இறங்கும். 97 காட்டுகிறது என்பதற்காக, படுக்க முடியாமல் உட்கார்ந்தே இரவைக் கழிப்பவரை விடியும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

ஆறாம் படி: ஸ்மார்ட் வாட்ச்சும் விரல் இசிஜியும்

வாட்ச்சின் அடியில் ஒளிரும் பச்சை விளக்கு, மணிக்கட்டின் இரத்த ஓட்டம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடிக் குறைவதைப் பார்க்கிறது. துடிப்புகளின் இடைவெளி தாறுமாறாக இருந்தால், இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நிலையாக இருக்கலாம் என்று எச்சரிக்கிறது. இந்நிலையில் இதயத்துக்குள் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரக்கூடும் என்பதால், மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு இடையிலுள்ள வால்வு) சுருங்கியவர்களுக்கு இந்த எச்சரிக்கை மதிப்புள்ளது. எச்சரிக்கை வந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ மருத்துவமனையிலோ முழு இசிஜி எடுத்து உறுதிசெய்ய வேண்டும். வாட்ச் சொன்னதைக் கேட்டு இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தாமாகத் தொடங்குவதும், வாட்ச் சும்மா இருக்கிறது என்று அதை நிறுத்துவதும் உயிருக்கே உலை வைக்கும்.

சில வாட்ச்சுகளிலும், விரல்களை வைக்கும் சிறு தகடுகளிலும் 30 விநாடி இசிஜி எடுக்கலாம். இடக்கையில் வாட்ச்சைக் கட்டி வலக்கை விரலால் அதன் உலோகப் பகுதியைத் தொடும்போது, இதயத் துடிப்பால் இரு கைகளுக்கும் இடையே தோன்றும் மின்னழுத்த வேறுபாடு பதிவாகிறது. இசிஜியைக் கண்டறிந்ததற்காக 1924இல் நோபல் பரிசு பெற்ற வில்லெம் ஐந்தோவன், நோயாளிகளின் கைகளை உப்பு நீர் நிரம்பிய பாத்திரங்களில் அமிழ்த்தி எடுத்த பதிவும் இதே வகையைச் சேர்ந்ததுதான். மண்வெட்டி பிடித்துக் காய்த்த, உலர்ந்த விரலால் தொட்டால் கோடு கிறுக்கலாக வருவதற்குக் காரணம் அந்த உப்பு நீர் இல்லாமைதான். விரலை இலேசாக ஈரப்படுத்தி, முழங்கைகளை மேசைமேல் ஊன்றி, அசையாமல் எடுத்தால் பதிவு தெளியும்.

மருத்துவமனையில் இதயத்தைப் பன்னிரண்டு கோணங்களில் பார்க்கிறார்கள். வாட்ச் ஒரே கோணத்தில் பார்க்கிறது. ஆகவே மாரடைப்பை அதனால் கண்டுபிடிக்க முடியாது. மேலும், மெட்டோப்ரோலால், பைசோப்ரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பைக் குறைப்பதற்காகவே கொடுக்கப்படுகின்றன. அவற்றை உட்கொள்பவர் தூங்கும்போது 'துடிப்பு குறைவு' என்று வாட்ச் அலறினால், உடனே மாத்திரையை நிறுத்தாமல் குறிப்பேட்டில் உள்ள எல்லையைப் பாருங்கள். அம்மாத்திரைகளைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

ஏழாம் படி: மருத்துவமனை பொருத்தும் சென்சார்கள்

இவற்றை நீங்கள் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்பதால் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். ஹோல்டர் என்பது 24 அல்லது 48 மணி நேரம் இசிஜியைத் தொடர்ந்து பதிவுசெய்யும் பெட்டி. அதைக் கட்டியிருக்கும்போது வழக்கமான வேலைகளைச் செய்து, படபடப்போ மயக்கமோ வந்த நேரத்தைக் குறித்துவைக்க வேண்டும். மார்பில் ஒட்டும் பேட்ச் இரண்டு வாரம் வரை பதிவுசெய்யும். பேஸ்மேக்கரும் ஐசிடியும் தாமே சென்சார்கள்தாம். தலைமாட்டில் வைக்கும் ஒரு பெட்டி வழியாகவோ கைப்பேசி வழியாகவோ பதிவை மருத்துவமனைக்கு அனுப்பும் வசதி சிலவற்றில் உண்டு. உங்களுடையதில் இருக்கிறதா என்று பொருத்தியவர்களிடம் கேளுங்கள். பேஸ்மேக்கரோ ஐசிடியோ பொருத்திய இடத்திலிருந்து கைப்பேசியை 15 சென்டிமீட்டர் தள்ளியே வைக்க வேண்டும். சட்டைப் பையில் வைக்கும் பழக்கத்தை அன்றே விட வேண்டும்.

நுரையீரல் தமனிக்குள் வைக்கப்படும், பேட்டரியே இல்லாத அழுத்த சென்சார் ஒன்றுக்கு அமெரிக்காவில் 2014இல் ஒப்புதல் கிடைத்தது. நோயாளி ஒரு சிறப்புத் தலையணைமேல் படுத்தால் அது அழுத்தத்தை அனுப்புகிறது. எடை ஏறும் முன்பே இந்த அழுத்தம் ஏறத் தொடங்கும் என்பதே அதன் பயன். செலவைப் பார்க்கும்போது, நம் பக்கத்துக் குடும்பங்கள் இதற்காக ஏங்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

எட்டாம் படி: எண் பயணிக்கும் வழி

கைப்பேசிச் செயலியில் எல்லாம் தானாகப் பதிவாகும் என்றாலும், 200 பக்க நோட்டு ஒன்றில் தேதி, எடை, பிரஷர், துடிப்பு, மூச்சு, வீக்கம் என்று கோடு போட்டு எழுதுங்கள். மலைக் கிராமங்களில் சிக்னல் கிடைக்காத நாள்களிலும், கைப்பேசி மாறும்போதும் நோட்டு மாறாது. பரிசோதனைக்குப் போனால் மருத்துவர் ஒரே பார்வையில் ஒரு மாதத்தைப் பார்த்துவிடுவார். அன்றைய பக்கத்தைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் அனுப்புவது எளிய ஏற்பாடு. காலை ஒன்பது மணிக்குள் படம் வரவில்லை என்றால் தொலைபேசியில் அழைப்பது வெளியூரில் இருப்பவரின் கடமை. பல சமயம் படம் வராததே முதல் எச்சரிக்கை. எண் எல்லையைத் தாண்டியிருந்தும் நோயாளி தெளிவாக இருந்தால், அரசின் இ-சஞ்சீவனி சேவையில் மருத்துவரிடம் காணொளியில் பேசலாம். 104ஐ அழைத்தும் ஆலோசனை பெறலாம்.

ஒன்பதாம் படி: அளக்காமல் கிளம்ப வேண்டிய நேரங்கள்

மார்பில் பாரம் அழுத்துவதுபோல் வலி, அந்த வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, உட்கார்ந்தும் அடங்காத மூச்சுத் திணறல், இளஞ்சிவப்பு நுரையோடு இருமல், மயக்கம், வாய் கோணல், ஒரு கை கால் திடீரென விழுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் எந்தக் கருவியையும் தேட வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். மூச்சுத் திணறுபவரைப் படுக்க வைக்காமல், கால்களைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் ஊர்களில், மார்பு வலி வந்தவரை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ துணை சுகாதார நிலையத்துக்கோ கொண்டுசெல்லலாம். மாரடைப்பின் முதல் கட்டத்தில் கொடுக்க வேண்டிய ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அடோர்வாஸ்டாடின் மாத்திரைகளை இந்நிலையங்களிலேயே இருப்பில் வைக்கும் 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2023இல் தொடங்கியது. போகும்போது குறிப்பேட்டையும் மாத்திரைப் பையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இரவுப் பணியில் இருக்கும், நோயாளியை முன்பின் அறியாத மருத்துவருக்கு அவ்விரண்டும் மிகவும் உதவும்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் நீர் இல்லாத எடை பெரும்பாலும் மாறியிருக்கும். புதிய எண்ணைக் கேட்டு, முதல் பக்கத்தில் பழையதை அடித்துவிட்டுத் தேதியோடு எழுதி, வெளியூரில் இருந்து பார்ப்பவருக்கும் அன்றே தெரிவித்துவிடுங்கள்.